சென்னை – டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். படிக்கப் போகும் மாணவர்களும், வேலை கிடைத்துப் போகிறவர்களும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர்களும் முதல்முறை டிக்கெட் தேடும்போது தடுமாறுவது இங்கேதான். ஒரு டிக்கெட்டில் 21 மணி நேரம் என்கிறது, அடுத்ததில் 34 என்கிறது. புறப்படும் நேரம் காலை 5:30, சேரும் நேரம் அதே நாள் மாலை 5:45 என்று பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரப் பயணம்தானே என்று நம்பிவிடுபவர்களும் உண்டு.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் எந்த வழியை எடுத்தாலும் பறக்கும் தூரமும் வானில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பயணத்தை நீட்டுவதும் சுருக்குவதும் இடையில் காத்திருக்கும் நேரம். அதனால் டிக்கெட் பார்க்கும்போது கிலோமீட்டரை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். நேரக் கணக்கைத்தான் ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

இதற்குச் சைன், கொசைன் உள்ள சாதாரண கால்குலேட்டர் போதும். கைபேசியில் இருப்பதைப் பக்கவாட்டில் திருப்பினாலே அந்தப் பொத்தான்கள் வந்துவிடும். கோணம் 'டிகிரி'யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'ரேடியன்' நிலையில் இருந்தால் வரும் விடைக்குப் பொருளே இருக்காது.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99, கிழக்குத் தீர்க்கரேகை 80.17. டொராண்டோ பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. அதனால் தீர்க்கரேகை இடைவெளிக்கு இரண்டையும் கூட்ட வேண்டும்: 159.80 டிகிரி.

இரு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.2248 × 0.6906 = 0.1552. பிறகு இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை இடைவெளியின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9744 × 0.7232 × (−0.9385) = −0.6613. இரண்டையும் கூட்டினால் −0.5061. இதன் தலைகீழ் கொசைன் (cos⁻¹ பொத்தான்) 120.4 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. ஆக 120.4 × 111.2 = ஏறத்தாழ 13,390 கி.மீ.

விடை 3,400 கி.மீ. அளவில் வந்தால், மேற்கு என்பதைக் கவனிக்காமல் தீர்க்கரேகைகளைக் கழித்துவிட்டீர்கள் என்று பொருள். இந்தக் கணக்கில் அதிகம் நேரும் பிழை இதுதான். பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. எனவே துல்லியமான கருவிகள் காட்டும் எண் இதிலிருந்து சில பத்து கிலோமீட்டர் விலகலாம். அது பொருட்டல்ல. அலகைத்தான் பார்க்க வேண்டும். 8,320 என்றால் அது மைல், 7,230 என்றால் கடல் மைல். விமானத்துறை பயன்படுத்துவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

அந்தக் கோடு எங்கே போகிறது?

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே ஓடும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோடு அப்படிப் போவதில்லை. சென்னையிலிருந்து அது ஏறக்குறைய வடக்கு நோக்கியே கிளம்புகிறது. ராஜஸ்தான், தஜிகிஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதி, வெண்கடல் என ஏறி, நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் 73 டிகிரி வடக்கைத் தாண்டித் தொட்டு, பிறகு கிரீன்லாந்து, கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்குகிறது. நம்பச் சிரமமாக இருந்தால் ஓர் உலக உருண்டையை எடுத்து இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே ஆர்க்டிக் பக்கம் போய் நிற்கும்.

டெல்லி இந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ., டெல்லி–டொராண்டோ சுமார் 11,640 கி.மீ. இரண்டும் சேர்ந்தால் 13,400. நேர்கோட்டைவிடப் பெரிதாக ஏதும் கூடவில்லை.

ஆனால் காகிதத்தில் இருக்கும் கோட்டில் விமானம் பறக்க முடிவதில்லை. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரைத் தொடர்ந்து கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி அடைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி அடைக்கப்பட்டது. ஆக டெல்லியிலிருந்து டொராண்டோவுக்குப் பறக்கும் கனடா நிறுவனத்துக்கு ஒரு கதவும், இந்திய நிறுவனத்துக்கு இன்னொரு கதவும் மூடப்பட்டன. இருவரும் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. டெல்லி வழி டிக்கெட்டில் கிலோமீட்டர் குறைவு என்பதை வைத்து நேரமும் குறையும் என்று முடிவு செய்யாதீர்கள். அந்த வாரத்து அட்டவணையில் போட்டிருக்கும் பறப்பு நேரத்தைப் பாருங்கள். இடையில் எரிபொருளுக்காக வேறு ஊரில் இறங்குகிறதா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள்.

இவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் பறக்க விமானங்கள் இல்லாமலில்லை. போயிங் 777-200எல்ஆர், ஏர்பஸ் ஏ350-1000 போன்றவை 15,000 கி.மீ.க்கு மேல் போகக்கூடியவை. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் 15,300 கி.மீ.க்கும் மேற்பட்ட தூரத்தைப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் கடக்கிறது. சென்னைக்கு அப்படி ஒன்று இல்லாததற்குக் காரணம் வணிகம்தான். நீண்ட பறப்பின் எரிபொருள் செலவை ஈடுகட்ட, கூடுதல் கட்டணம் கொடுத்துச் செல்லும் பயணிகள் ஆண்டு முழுவதும் வேண்டும்.

நடைமுறையில் உள்ள வழிகள்

லண்டன் வழி: சென்னை–ஹீத்ரோ சுமார் 8,230 கி.மீ., அங்கிருந்து டொராண்டோ 5,700. மொத்தம் 13,900 சொச்சம். முதல் பறப்பு பத்தே முக்கால் மணி நேரம் அளவில், இரண்டாவது எட்டு மணி நேரம் அளவில் ஆகும்.

பிராங்க்ஃபர்ட் வழியும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்: 7,600, பிறகு 6,340. துபாய் வழியில் 2,930 கி.மீ. பறந்து இறங்கிவிடுவீர்கள், ஆனால் அடுத்த பறப்பு 11,080 கி.மீ., அதாவது பதினான்கு மணி நேரம் ஒரே இருக்கை. அபுதாபி, தோஹா வழிகளும் இந்த மாதிரிதான்: முதலில் நாலு மணி நேரம், பிறகு நெடும்பறப்பு.

மூன்று வழிகளையும் கூட்டிப் பாருங்கள். தூரம் 13,900-க்கும் 14,050-க்கும் இடையே. வானில் இருக்கும் நேரம் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே. வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. கிழக்கே ஹாங்காங் வழியாகப் போனால் மட்டும் 16,000 கி.மீ.யைத் தாண்டும். கட்டணம் வெகுவாகக் குறைந்தாலொழிய அதை எடுக்க வேண்டியதில்லை.

எது நல்லது என்றால், அது போகிறவரைப் பொறுத்தது. முட்டிவலியும் முதுகுவலியும் உள்ள பெற்றோருக்குப் பதினொன்றும் எட்டுமாகப் பிரியும் ஐரோப்பிய வழி, நாலும் பதினான்குமாகப் பிரியும் வளைகுடா வழியைவிட எளிது. நள்ளிரவில் ஏறி உடனே தூங்கத் தொடங்கி நாலு மணி நேரத்தில் எழுப்பப்படுவது வயதானவர்களை மிகவும் களைக்க வைக்கும். இளைஞர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. அவர்கள் விலையையும் பெட்டி எடையையும் பார்த்து முடிவு செய்யலாம்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ ஒரு பறப்பு, பிறகு டொராண்டோ. கொழும்பு சென்னைக்குத் தெற்கே இருப்பதால் சில நூறு கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான். இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

கிலோமீட்டரிலிருந்து மணி நேரத்துக்கு

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கும். ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடப்பதால், கணக்குக்கு 850 என்று வைத்து வகுத்து, ஓடுபாதைக்கு உருண்டு போவதற்கும் வட்டமிடுவதற்கும் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். லண்டன்–டொராண்டோ 5,700 ÷ 850 = 6.7, அரையைக் கூட்டினால் 7.2 மணி நேரம்.

ஆனால் அட்டவணையில் எட்டு மணி நேரம் என்று இருக்கிறதே? காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கின் மேல் அது மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். மேற்கே டொராண்டோவுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. எனவே போகையில் எட்டு மணி நேரமாகும் பறப்பு திரும்புகையில் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துபாய் வழியில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போகும். திரும்பி வரும் பயணம் சீக்கிரம் முடிவதற்கு இதுதான் காரணம்.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். குழப்பத்தின் வேர் இதுதான். தீர்வு எளிது: எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

டொராண்டோ குளிர்காலத்தில் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. டொராண்டோவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து, நவம்பரின் முதல் ஞாயிறன்று பின்னே வைப்பார்கள். 2026-இல் அவை மார்ச் 8, நவம்பர் 1. லண்டன் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆனால் அங்கே மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில். துபாய் ஆண்டு முழுவதும் ஒன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் நடுவிலும் அக்டோபர் கடைசியிலும் பயணம் செய்பவர்கள் இடை ஊரின் வித்தியாசத்தைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கோடைக்கால எடுத்துக்காட்டு. சென்னையில் காலை 5:30-க்குப் புறப்பாடு. லண்டனில் 11:45-க்கு இறங்குதல். 2:45-க்கு அடுத்த விமானம். டொராண்டோவில் மாலை 5:45-க்கு இறங்குதல். மாலை 5:45 உடன் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம் மறுநாள் அதிகாலை 3:15. காலை 5:30-லிருந்து மறுநாள் 3:15 வரை இருபத்தொன்றே முக்கால் மணி நேரம். பகுதி பகுதியாகவும் சரிபார்க்கலாம்: பறப்பு பத்தே முக்கால், காத்திருப்பு மூன்று, பறப்பு எட்டு. இரண்டு கூட்டலும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

திரும்பும் வழியில் நாள்காட்டி உங்களுக்கு எதிராக ஓடும். வெள்ளி இரவு 8 மணிக்கு டொராண்டோவில் ஏறினால் சனி காலை 8 மணிக்கு லண்டன். நண்பகல் 12-க்கு அங்கிருந்து கிளம்பினால் ஞாயிறு அதிகாலை 2:30-க்குச் சென்னை. உண்மையான பயணம் 21 மணி நேரம்தான், ஆனால் தேதி இரண்டு தாண்டிவிடுகிறது. சனிக்கிழமை கல்யாணத்துக்கு வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஏறுகிறவர்கள் தாலி கட்டியபிறகுதான் வந்து சேர்வார்கள். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1, +2 என்று சிறிதாகப் போட்டிருப்பதைத் தவறாமல் பாருங்கள்.

இன்னொரு பொறி சென்னையிலேயே இருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே புறப்படுகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:45 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14-ஆம் தேதி இரவு பத்து மணிக்குள். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் முந்தின இரவே போய்விட்டது என்று தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

காத்திருப்பு நேரத்தைத் தேர்வு செய்வது

ஒன்றே கால் மணி நேர டிரான்சிட் உள்ள டிக்கெட்டைப் பார்த்ததும் ஆசை வரும். விமான நிறுவனம் விற்கிறது என்றால் விதிப்படி அது போதும் என்று அர்த்தம், வசதியாகப் போதும் என்று அல்ல. முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால் முடிந்தது. இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, ஹீத்ரோ போன்ற இடத்தில் முனையம் மாறப் பேருந்து பிடித்து, அடுத்த வாயிலைத் தேட வேண்டும். புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே வாயிலை மூடிவிடுவார்கள் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவருக்கு இரண்டரையிலிருந்து நான்கு மணி நேரம் பொருத்தம். சக்கர நாற்காலி உதவி கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு மூன்றுக்குக் கீழே வேண்டாம். அந்த உதவியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள். விட்டுப்போனால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிடுங்கள்.

எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் விலைக் குறைவை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். அங்கே சாப்பிடும் இரண்டு வேளை உணவின் விலையும் அதில் சேர வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் பெட்டி நேரே டொராண்டோவுக்குப் போகும். இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சென்னை–லண்டன் ஒரு டிக்கெட், லண்டன்–டொராண்டோ வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். அதற்கு விசா தேவைப்படலாம். இரண்டாவது விமானம் தவறினால் அந்தப் பணமும் போகும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழு டிக்கெட்டையும் இழக்கும் வழி இது. முதல்முறை போகிறவர்கள் இதை எடுக்கவே கூடாது.

டிரான்சிட் விசா

துபாய், அபுதாபி, தோஹாவில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ள இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. லண்டனில் கதை வேறு. அங்கே நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்கும் இந்தியர்கள், இலங்கையர்கள் டிரான்சிட் விசா பட்டியலில் இருக்கிறார்கள். செல்லுபடியாகும் கனடா விசாவோ கனடா நிரந்தர வசிப்புரிமை அட்டையோ கையில் இருந்தால் விலக்கு உண்டு. போகும்போது இது சிக்கலாவதில்லை. திரும்பும்போதுதான் கவனம் தேவை. கனடாவில் இருக்கும்போதே கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா காலாவதியாகிவிட்டால், படிப்பு அனுமதிச் சீட்டு செல்லுபடியாக இருந்தாலும் அது விசாவுக்கு ஈடாகாது. லண்டன் வழியாகத் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பவர் பியர்சனில் போர்டிங் பாஸ் மறுக்கப்பட்டு நிற்க நேரிடலாம். விதிகள் மாறுகின்றன, டிக்கெட் போடும் நாளன்று அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

இருபத்திரண்டு மணி நேரம் என்பது சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்கும் வரை. வீட்டுக் கணக்கு வேறு. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, ஆனால் நள்ளிரவில் ஓடாது; அதிகாலை விமானத்துக்கு முந்தின இரவு கடைசி ரயிலிலோ வாடகைக் காரிலோதான் வர வேண்டும். விழுப்புரம், புதுச்சேரி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தாம்பரம் வரையிலான நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள்.

பியர்சனில் சுற்றுலா விசாவில் வருபவர் ஒரு மணி நேரத்தில் வெளியே வரலாம். படிப்பு அனுமதியோ வேலை அனுமதியோ முதல்முறை வாங்கப் போகிறவர், நிரந்தர வசிப்புரிமையோடு முதன்முதலாக வந்திறங்குபவர் ஆகியோரைத் தனி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். மாலையில் ஐரோப்பிய விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் வேளையில், ஆகஸ்ட் கடைசியில் மாணவர்கள் குவியும் வாரங்களில், அங்கே இரண்டு மூன்று மணி நேரம் போகலாம். அனுமதிக் கடிதம், கட்டண ரசீது, தங்குமிட முகவரி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் அல்ல.

நகர மையத்துக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷனில் கொண்டு விடும். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ, டொராண்டோ நகரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. விமான நிலையம் இருப்பதோ மேற்குப் பக்கம். 401 நெடுஞ்சாலையில் காலியான நேரத்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், மாலை நெரிசலில் அதைப்போல இரண்டு மடங்கு. அழைத்துப் போக வருகிறவருக்கு விமான எண்ணையும், டொராண்டோ நேரப்படி இறங்கும் தேதியையும், முதலாம் முனையமா மூன்றாம் முனையமா என்பதையும் எழுதி அனுப்பிவிடுங்கள். இறங்கும் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டாம், நீங்கள் பெட்டியை எடுத்தபிறகு அழைத்தால் கிளம்பினால் போதும் என்றும் சொல்லிவிடுங்கள். அங்கே வாகன நிறுத்தக் கட்டணம் அதிகம்.